இடது பின் சக்கரம்

ஜனவரி 8

அன்புள்ள தம்பிக்கு,

நானும் மாமாவும் சுகமாக இருக்கிறோம். நீங்கள் இருவரும் சுகம்தானே?

பார்சலில் ஒரு பெட்டி வந்திருக்கும். பரிசு என்று நினைத்துவிடாதே, வேலை. எங்கள் தொழிற்சாலையில் புதிதாகச் செய்திருக்கும் சக்கரப் பெட்டி. விமானத்தில் தலைக்கு மேலே வைக்கிற அளவு. ஓயாமல் பயணம் செய்கிறவர்களுக்கு என்று சொல்லி, பத்து வருட உத்தரவாதத்தோடு விற்கப்போகிறார்கள். அந்த உத்தரவாதச் சீட்டை அச்சடிக்கும் முன் சோதனை அறைப் பொறுப்பாளர் கையெழுத்துப் போட வேண்டும். அது நான். போட வேண்டிய நாள் அக்டோபர் இருபது. நாளைக்கு யாருடைய பெட்டியாவது நடுவழியில் உட்கார்ந்துவிட்டால், அது என் கையெழுத்தை நம்பி வாங்கியதாகத்தான் இருக்கும்.

என் அறையில் நடப்பது உனக்குத் தெரியும். மேடு வைத்த உருளையின் மேல் பெட்டியை ஐம்பது கிலோமீட்டர் ஓட விடுவோம். கைப்பிடியை ஐயாயிரம் தடவை இழுத்து அமுக்குவோம். ஆனால் இயந்திரம் ரயிலுக்கு நேரமாகிவிட்டதென்று படிக்கட்டில் தடதடவென இழுக்காது. பெட்டி மேல் உட்கார்ந்து ஷூ மாட்டாது. கோபத்தில் எட்டி உதைக்காது. வீட்டில் பாடம் ஒப்பிப்பதற்கும் பரீட்சை எழுதுவதற்கும் உள்ள வித்தியாசம் என்று வைத்துக்கொள்.

பரீட்சைக்கு மூன்று பேரிடம் பெட்டி கொடுத்திருக்கிறோம். ஒரு விமானப் பணிப்பெண், ஒரு மருந்து விற்பனையாளர், நீ. மாதத்தில் இருபது நாள் ஊர் ஊராகத் தராசு சரிபார்க்கப் போகிறவன், அதுவும் எடைக்கற்களோடு. உன்னைவிட நல்ல ஆள் கிடைக்காது.

இரண்டு விதி. எனக்கு ஓர் உறுப்பின் மேல் சந்தேகம் இருக்கிறது. எது என்று சொல்லமாட்டேன், சொன்னால் நீ அதை மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பாய். இன்னொன்று, எது உடைந்தாலும் உடைந்தபடி இருக்கட்டும். உன் கை சும்மா இருக்காது என்று தெரியும், இருந்தாலும் நீயாகச் சரிசெய்யாதே.

படிவத்தை நிரப்பி அனுப்பு. அதில் அடங்காததைக் கடிதமாக எழுது. போன் வேண்டாம். உருளைச் சத்தத்தில் இருபத்தாறு வருடம் நின்ற காதுக்குப் போனில் பாதிதான் விழுகிறது. மீதியை நானாகக் கற்பனை செய்துகொள்கிறேன்.

உன் அக்கா

ஜனவரி 29

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதமும் பெட்டியும் நலமாக வந்து சேர்ந்தன. நாங்களும் நலம், என் இடுப்பைத் தவிர. அது தனிக் குடித்தனம் கேட்கிறது.

நான்கு பயணம் முடிந்தது. படிவத்தில் டீக்கறை இருக்கிறது, மன்னித்துவிடு. ரயில் ஆடியது. சில கட்டங்கள் காலியாக இருக்கும். எந்த நாளில் மழை பெய்தது என்பதெல்லாம் எனக்கு ஞாபகம் இல்லை.

முதல் பயணத்திலேயே விமான நிலையத்தில் பிடித்துக்கொண்டார்கள். எடைக்கற்கள் திரையில் வரிசையாகக் கறுப்பாகத் தெரியும் அல்லவா?

"என்ன சார் இது?"

"எடைக்கல்."

"காய்கறி விக்கிறீங்களா?"

"தராசு சரியா இருக்கான்னு பாக்குறவன்."

"அப்ப எங்க தராசையும் பாத்துச் சொல்லுங்க. போன வாரம் எங்க மாமியார் பெட்டிக்கே ரெண்டு கிலோ கூடக் காட்டிச்சு."

பார்த்துச் சொன்னேன். அவருடைய தராசில் தப்பில்லை. மாமியார் விஷயத்தில் நான் தலையிடவில்லை.

பெட்டி நன்றாக ஓடுகிறது. வழவழப்பான தரையில் பின்னாலேயே வருகிறது. கல் பாவிய தெருவில் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு வருகிற மாதிரி ஒரு சத்தம். வெளிப்பக்க ஜிப் ஒரு தடவை துணியைக் கடித்தது. ஓட்டலில் லிஃப்ட் வேலை செய்யாததால் நான்கு மாடி தூக்கினேன். அதில் பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. என்னைப் பற்றிப் படிவத்தில் கட்டம் இல்லை.

சில நாள் காலையில் விழித்ததும் எந்த ஊர் என்று தெரிவதில்லை. சுவரோரம் உன் பெட்டி நிற்பதைப் பார்த்தால், சரி, வீடு இல்லை என்று புரிந்துவிடுகிறது.

மாமாவைக் கேட்டதாகச் சொல்.

தம்பி

மார்ச் 5

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தைச் சோதனை அறையில் இரண்டு முறை படித்தேன். இடுப்பை டாக்டரிடம் காட்டினாயா? நாங்கள் சுகம்.

இப்படித்தான் எழுத வேண்டும். கறையும் காலிக் கட்டமும் இருக்கட்டும். எல்லாக் கணக்கும் சரியாக இருக்கிற பரீட்சைத் தாளைப் பார்த்தால் வாத்தியாருக்குப் பக்கத்துப் பையன் மேல்தான் சந்தேகம் வரும்.

விமானப் பணிப்பெண் வேலையை விட்டுவிட்டாள். பெட்டியைத் துடைத்துப் பளபளவென்று திருப்பி அனுப்பியிருக்கிறாள், ஆறே பயணத்தில். ஆக, நீங்கள் இரண்டு பேர்.

எங்கள் மேலாளரைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன் இல்லையா, எதற்கும் 'ஆகட்டும்' என்கிறவர்? நாங்கள் அவரை 'ஆகட்டும்' என்றுதான் சொல்வது. நேற்று வந்தார்.

"என்னம்மா, பெட்டி பாஸ்தானே?"

"இன்னும் ஏழு மாசம் இருக்கு சார்."

"ஆகட்டும். ஆனா சீட்டு அச்சுக்குப் போயாச்சு."

"கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடியேவா?"

"கையெழுத்துக்கு எடம் விட்டுத்தாம்மா அச்சடிக்கிறோம்."

இடம் விட்டிருக்கிறார்களாம். அந்த இடம் காலியாக இருந்துவிடுமோ என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கு மட்டும் தோன்றுகிறது. ஏன் என்று உனக்குச் சொல்ல முடியாது.

உன் பெண்டாட்டிக்கு என் அன்பு.

அக்கா

மார்ச் 28

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். அங்கே உன் காது எப்படி?

பதினெட்டுப் பயணம் ஆயிற்று. வெளிப்பக்க ஜிப்பில் ஒரு பல் போய்விட்டது. நீ சொன்னபடி சரிசெய்யவில்லை. ஆனால் கை துறுதுறுவென்று இருந்தது என்பதையும் எழுதிவைக்கிறேன். கைப்பிடி கொஞ்சம் ஆடுகிறது. பெட்டியின் மேல் ஓட்டில் ஒரு நீளக் கீறல். பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அதன் மேல் இரும்பு வாளியை வைத்துவிட்டு, "பெட்டி கெட்டிதானே?" என்று என்னையே கேட்டார்.

நேற்று ஒரு பருப்பு ஆலையில் தராசு பார்த்தேன். புதுத் தராசு. உள்ளேயே எடை வைத்திருக்கிறார்கள். அது தன்னைத்தானே சரிபார்த்துக்கொண்டு தலைமை அலுவலகத்துக்குச் செய்தி அனுப்புமாம். நான் என் கல்லை வைத்தேன். சரியாகத்தான் காட்டியது. ஆலைக்காரர் டீ வாங்கிக் கொடுத்து, "நீங்க எதுக்கு சார் இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்றார். மரியாதையாகத்தான் கேட்டார்.

ஏப்ரல் இரண்டாம் தேதி எங்கள் எல்லோரையும் தலைமை அலுவலகத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அது பத்தொன்பதாவது பயணம். பிறகு எழுதுகிறேன்.

தம்பி

ஜூன் 16

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். அங்கு நலம் அறிய ஆவல்.

தாமதத்துக்கு மன்னிக்கவும். வேலை அதிகம். இத்துடன் ஏப்ரல், மே, ஜூன் படிவங்கள். மொத்தம் முப்பத்தேழு பயணம். பெட்டி எல்லா வகையிலும் நன்றாக உள்ளது. குறிப்பிடும்படி குறை ஒன்றும் இல்லை.

மாமாவுக்கு என் வணக்கம்.

தம்பி

ஜூலை 4

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். மாமாவுக்குச் சளி, அதுவும் போய்விட்டது.

படிவங்கள் வந்தன. ஒரு கட்டம்கூட விடாமல் நிரப்பியிருக்கிறாய். எந்தத் தேதியில் மழை, எந்த நிலையத்தில் எத்தனை படி என்பதுவரை இருக்கிறது. கடிதம்தான் சின்னதாக இருந்தது. களைப்பாக இருப்பாய்.

மருந்து விற்பனையாளரின் பெட்டி விமானத்தில் தொலைந்துவிட்டது. தொலைந்த பெட்டியைப் பற்றி எப்படி அறிக்கை எழுதுவதென்று கேட்டு அவர் எனக்கே கடிதம் போட்டிருக்கிறார். இனி நீ ஒருவன்தான். 'ஆகட்டும்' உன் படிவங்களைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். "தங்கமான பெட்டி, தங்கமான தம்பி" என்றார்.

தலைமை அலுவலகத்துக்குப் போனாயே, என்ன சொன்னார்கள்? நேரம் இருந்தால் எழுது. இல்லாவிட்டால் பரவாயில்லை.

அக்கா

ஆகஸ்ட் 27

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். மாமாவின் சளி போனதில் மகிழ்ச்சி. உன் காதுக்கு இயந்திரம் வைத்துக்கொள்ளலாம் என்று எத்தனை தடவை சொல்வது?

இதுவரை அறுபது பயணம். பெட்டியில் குறை ஒன்றும் இல்லை. தலைமை அலுவலகத்தில் புது இயந்திரங்களைக் காட்டினார்கள். நல்ல இயந்திரங்கள்.

ஒரு சந்தேகம், சும்மா தெரிந்துகொள்ளத்தான். அறுபது எழுபது பயணம் போன பெட்டியின் சக்கரம் சாதாரணமாக எத்தனை மில்லிமீட்டர் தேய்ந்திருக்கும்?

தம்பி

செப்டம்பர் 9

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். உன் இடுப்பைப் பற்றி நீ எழுதுவதே இல்லை.

நீ கேட்டதற்குப் பதில் சொல்ல முடியாது. பரீட்சை எழுதுகிறவனுக்கு விடைத்தாளைக் காட்டுகிற மாதிரி ஆகிவிடும்.

அக்டோபர் பதினைந்துக்குள் பெட்டியை அனுப்பிவை. கையெழுத்துக்கு முன் நானே பிரித்துப் பார்க்க வேண்டும். துடைக்காதே. அழுக்கோடு அனுப்பு.

அக்கா

அக்டோபர் 11

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு நலம். பெட்டியை இன்று பார்சலில் போட்டேன். மொத்தம் எண்பத்து மூன்று பயணம். உன் கையெழுத்துக்கு இடைஞ்சலாக எதுவும் இருக்காது என்று நம்புகிறேன்.

தம்பி

அக்டோபர் 17

தம்பிக்கு,

சுகம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. இதைக் கூரியரில் அனுப்புகிறேன். நாளைக்கே உன் கையில் கிடைத்துவிடும்.

இன்று காலை பெட்டியை மேசை மேல் கவிழ்த்து நான்கு சக்கரத்தையும் அளந்தேன். நான்கும் ஒரே அளவு தேய்ந்திருக்கின்றன. மயிரிழை வித்தியாசம் இல்லை. இந்த அறையில் இருபத்தாறு வருடமாக அளக்கிறேன், அப்படி ஒரு பெட்டியைப் பார்த்ததில்லை. மனிதர்கள் பெட்டியைச் சாய்த்து இழுப்பார்கள், பின் சக்கரம் அதிகம் தேயும். வலது கைக்காரன் ஒரு பக்கத்தைத் தேய்ப்பான், இடது கைக்காரன் மறுபக்கத்தை. செருப்பு மாதிரிதான். இரண்டு காலும் ஒரே மாதிரி தேய்ந்த செருப்பை நீ எங்கேயாவது பார்த்திருக்கிறாயா? பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். உப்புத்தாள் போன தடம், ஒரே திசையில், ஒரே அழுத்தத்தில். தராசு பார்க்கிறவன் தேய்த்திருக்கிறான். வேறு யாருக்கும் இவ்வளவு சமமாகத் தேய்க்க வராது.

பிறகு சக்கரங்களைக் கழற்றினேன். மூன்றில் எங்கள் மஞ்சள் கிரீஸ் அப்படியே இருந்தது. இடது பின் சக்கரத்தில் கறுப்பு கிரீஸ். அச்சாணி எங்களுடையது இல்லை. எங்கள் ஆணிக்குத் தட்டைத் தலை. இதற்குக் குமிழ்த் தலை.

இனி விதி கிடையாது, சொல்லிவிடுகிறேன். எனக்குச் சந்தேகம் அந்த ஆணியின் மேல்தான். போன வருடம் விலை குறைந்த ஆணிக்கு மாறினார்கள். உருளையில் மூன்று பெட்டி ஓட்டியதில் ஒன்றில் ஆணி லேசாக வளைந்த மாதிரி இருந்தது. "மாதிரி இருந்தது" என்று அறிக்கை எழுத முடியாது. அதற்காகத்தான் இந்தப் பத்து மாதமும்.

நீ எங்கே போனாய், போகவில்லை என்று நான் கேட்கவில்லை. பழைய ஆணி எங்கே? இருபதாம் தேதிக்கு மூன்று நாள் இருக்கிறது. பதில் போடு.

அக்கா

நவம்பர் 2

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் பதினெட்டாம் தேதியே கிடைத்தது. பதில் எழுத இரண்டு நாள் இருந்தது. நான் பதினைந்து நாள் எடுத்துக்கொண்டேன். இதற்குக் காரணம் சொன்னால் அதுவும் இன்னொரு படிவம் மாதிரி ஆகிவிடும்.

ஏப்ரல் இரண்டாம் தேதி, தலைமை அலுவலகத்தில் எங்கள் பதினொரு பேரையும் உட்கார வைத்துப் புதுத் தராசைக் காட்டினார்கள். பிறகு டீ கொடுத்தார்கள். பிறகு எடைக்கற்களை ஒப்படைக்கச் சொன்னார்கள். நான் வரிசையில் நின்று, ஒவ்வொரு கல்லையும் துடைத்து, எண் பார்த்து, கொடுத்துவிட்டு வந்தேன். அவ்வளவுதான். யாரும் கெட்ட வார்த்தை சொல்லவில்லை.

திரும்பி வரும்போது பெட்டியில் கல் இல்லை. காலிப் பெட்டிதான். ஆனாலும் இடது பின் சக்கரம் நடைமேடை முழுக்கக் 'கிடுக் கிடுக்' என்றது. ஒரு சுற்றுக்கு ஒரு தடவை. நின்று குனிந்து பார்த்தேன். சக்கரம் கொஞ்சம் வெளிப்பக்கம் சாய்ந்திருந்தது. சுமை இருந்தபோது அது வளைந்திருக்க வேண்டும். சத்தம் மட்டும் காலியானபின் கேட்டிருக்கிறது. படிக்கட்டில் ஒவ்வொரு படிக்கும் சக்கரம் ஒரு பக்கம் இழுத்தது. நிலையத்துக்கு வெளியே தார்ச் சாலையில் சத்தம் குறைந்தது, கல் பாவிய இடத்தில் கூடியது. இடது பக்கமாக இழுத்துக்கொண்டே வந்தது. இரண்டு இடத்தில் நிறுத்திக் கையால் சுற்றிப் பார்த்தேன். சுற்றுக்கு ஒரு முறை இறுகி, பிறகு விட்டது. இதையெல்லாம் அன்றைக்கே உனக்கு எழுதியிருக்க வேண்டும்.

அடுத்த வாரம் வீட்டில் வேலை இல்லை. கை சும்மா இருக்கவில்லை. உன் விதி ஞாபகத்தில் இருந்தது. ஆனால் வீட்டில் ஒரு பொருள் சாய்ந்து நிற்பதைப் பார்த்துக்கொண்டே எனக்குச் சோறு இறங்காது. கழற்றினேன். ஆணி வளைந்திருந்தது. கடையில் ஒன்று வாங்கிப் போட்டேன். சக்கரம் சத்தமில்லாமல் சுற்றியது. அன்றைக்கு நான் செய்த ஒரே உருப்படியான வேலை என்று சந்தோஷப்பட்டேன். அதுதான் நீ தேடிக்கொண்டிருந்தது என்று இப்போது தெரிகிறது.

படிவத்துக்கு வருகிறேன். நான்கு நாள் அதை மேசை மேல் வைத்துப் பார்த்தேன். 'இம்மாதப் பயணங்களின் எண்ணிக்கை' என்று ஒரு கட்டம். அதில் பூஜ்யம் போட்டால் போதும், பேனாவும் திறந்துதான் இருந்தது. இரண்டு என்று எழுதினேன். இரண்டு எழுதியவனுக்கு இருபது எழுதுவது கஷ்டமில்லை. ரயில் நேர அட்டவணையை வைத்துக்கொண்டு போனேன் அக்கா. வண்டி மாறும் இடம், காத்திருக்கும் நேரம் எல்லாம் சரியாகப் போட்டேன். நம்பும்படி இருக்கட்டும் என்று மே மாதம் ஒரு ரயிலைத் தவறவிட்டேன். அன்றைக்கு உண்மையாகவே அலுப்பாக இருந்தது.

உனக்கு நல்ல அறிக்கை வேண்டும் என்று நினைத்தேன். நீ தேடியது உண்மையான அறிக்கை. இரண்டும் ஒன்றில்லை என்று தராசுக்காரனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

செப்டம்பரில் பெட்டியை அனுப்பச் சொன்னாய். பால்கனியில் உட்கார்ந்து சக்கரங்களைத் தேய்த்தேன். உன் தம்பி பெண்டாட்டி வந்து நின்றாள்.

"என்ன பண்றீங்க?"

"சக்கரம் தேய்க்கிறேன்."

"எதுக்கு?"

"பழசாகணும்."

"நம்மளவிடவா?"

அவள் போகாமல் நின்றாள்.

"அண்ணிகிட்ட சொல்லிடுங்க. அவங்க ஒண்ணும் உங்கள அடிக்க மாட்டாங்க."

"ஆய்வு முடியட்டும்."

"அதுக்குள்ள நீங்க முடிஞ்சிடுவீங்க போலிருக்கு" என்று சொல்லிவிட்டு, ஆனாலும் எனக்கு டீ கொண்டுவந்து வைத்தாள்.

பழைய ஆணியைக் கேட்டிருந்தாய். இத்துடன் இருக்கிறது. எங்கள் தொழிலில் கழற்றிய உறுப்பைத் தூக்கிப் போடக் கூடாது. சீட்டுக் கட்டி, தேதி போட்டு, உரியவரிடம் ஒப்படைக்க வேண்டும். கை பழக்கத்தில் அதைச் செய்திருக்கிறது. சீட்டில் இருக்கும் தேதியும் பயண எண்ணிக்கையும் உண்மை. நான் அனுப்பியவற்றில் மார்ச்சுக்குப் பிறகு உண்மையானது இது ஒன்றுதான்.

இருபதாம் தேதி என்ன ஆயிற்று என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை.

தம்பி

டிசம்பர் 7

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகமாக இருக்கிறோம். கோபமாக இருந்தேன், இப்போது இல்லை. களைப்பாக இருக்கிறேன்.

இருபதாம் தேதி காலை பத்து மணிக்குச் சீட்டை மேசை மேல் வைத்தார்கள். பேனாவையும் அவர்களே வைத்தார்கள். நான் உன் படிவங்களை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தேன்.

"மார்ச்சுக்கு அப்புறம் இருக்கிறதெல்லாம் பொய் சார். பெட்டி பத்தொன்பது தடவைதான் வெளிய போயிருக்கு. அதுவும் என் கணிப்புதான்."

"யாரும்மா சொன்னது?"

"சக்கரம்."

"உங்க தம்பி என்ன சொல்றாரு?"

"ஒண்ணும் சொல்லல."

"ஆகட்டும்மா. சின்ன ஆணிதானே. கையெழுத்தப் போடுங்க, அடுத்த தடவ ஆணிய மாத்திக்கலாம்."

"இந்த தடவ வாங்குறவங்களுக்கு?"

நான் பேனாவை மூடி அவர் பக்கம் தள்ளினேன். சாயங்காலத்துக்குள் என்னைச் சோதனை அறையிலிருந்து உதிரிப்பாகக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். சொந்தத் தம்பியை ஆய்வுக்கு வைத்தது தப்பு என்றார்கள். தப்புதான். அப்படி ஒரு விதி இல்லை, நானாவது யோசித்திருக்க வேண்டும்.

உன் ஆணி அதற்குப் பிறகு வந்தது. என் அறையில் இப்போது ஒரு சின்னப் பெண் பொறுப்பில் இருக்கிறாள். கறாரானவள். ஆணியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "பொய் எழுதினவர் குடுத்த ஆணிய வெச்சு நான் எப்படி மேடம் அறிக்கை எழுதறது?" என்றாள். நான் அந்த இடத்தில் இருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன். "இத வெச்சு எழுத வேணாம். எங்க பாக்கணும்னு இது காட்டும், அவ்வளவுதான்" என்றேன். ஆறு புதுப் பெட்டிகளில் நீ தூக்கிப் போகிற அளவு சுமை ஏற்றி, இடது பின் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு ஒன்பது நாள் ஓட்டினாள். இரண்டு பெட்டியில் ஆணி வளைந்தது. உன்னுடையது வளைந்த அதே இடத்தில். அவளும் கையெழுத்துப் போடவில்லை. அச்சடித்த சீட்டெல்லாம் இப்போது என் கிடங்கில்தான் கட்டுக்கட்டாகக் கிடக்கிறது. பின்பக்கம் வெள்ளையாக இருப்பதால் இருப்புக் குறிக்க உதவுகிறது.

அந்த அறைக்கு நான் திரும்பப் போகப்போவதில்லை. போகட்டும். கிடங்கில் சத்தம் குறைவு.

இனி நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. எனக்கு அக்டோபரில் தெரியவில்லை, ஜூனிலேயே தெரிந்துவிட்டது. மூன்று மாதப் படிவமும் ஒரே பேனாவில், ஒரே மூச்சில் எழுதியிருந்தது. கறை இல்லை, காலிக் கட்டம் இல்லை. உன் கடிதத்தில் ஒரு சிரிப்புகூட இல்லை. பதினொரு வயதில் நீ பரீட்சையில் தோற்றுவிட்டு வீட்டுக்கு வந்து, எல்லாக் கேள்விக்கும் நிதானமாகப் பதில் சொன்னாய். அதே நிதானம். ஏதோ நடந்துவிட்டது என்று படித்தவுடனே தெரிந்தது. "நேரம் இருந்தால் எழுது, இல்லாவிட்டால் பரவாயில்லை" என்று எழுதினேன். பரவாயில்லை என்று ஏன் எழுதினேன்? கேட்டால் நீ சொல்லிவிடுவாய். சொல்லிவிட்டால் என்னிடம் மிச்சமிருந்த ஒரே ஆளும் போய்விடுவான். ஆய்வு ஓட வேண்டும் என்பதற்காக, என் தம்பிக்கு என்ன ஆயிற்று என்று நான் கேட்காமல் இருந்தேன். நீ நான்கு மாதம் பொய் எழுதினாய். நான் நான்கு மாதம் அதை வாங்கிக் கோப்பில் வைத்தேன். நம் இருவரில் யார் அதிகம் என்று நீ எந்தத் தராசிலும் பார்க்க வேண்டாம். இதையும் 'ஆகட்டும்' அறையில் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

உன் நவம்பர் கடிதத்தை மறுபடி படித்தேன். நடைமேடையில் சக்கரம் எப்படிச் சத்தம் போட்டது, படியில் எப்படி இழுத்தது, கல்லில் எப்படி, தாரில் எப்படி என்று எல்லாம் இருக்கிறது. இவ்வளவு நல்ல அறிக்கை இந்த ஆய்வில் வேறு யாரும் கொடுக்கவில்லை. ஆனால் அதே நடைமேடையில், அதே படிக்கட்டில், கல்லோடு வேலையையும் கொடுத்துவிட்டு வந்த நீ எப்படி இருந்தாய் என்று அதில் ஒரு வரி இல்லை.

அதை எழுது. அவசரமில்லை. ஆனால் எழுது.

உன் அக்கா